சுவர் இழந்த செல்களை முப்பத்து நான்கு ஆண்டுகள் வளர்த்த அக்காவுக்கு

வந்த விடுப்பையெல்லாம் வளர்ப்பறைக்கே வழங்கிய வள்ளலே! கண்ணாடிக் குழாய்களைக் கைக்குழந்தைகளாய்க் கருதிக் காத்த கண்ணியமே! சொல்லில் சிக்கனமும் செயலில் செழுமையும் சேர்ந்தமைந்த செம்மையே! முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல், சில நாள்களில் நன்றாகவே சுளித்தும், முடிக்க வேண்டியதை முடித்துத் தந்த மூத்தவரே! எங்கள் அக்காவே! வணக்கம்.

‘சுவரில்லா உயிர்களுக்குச் சுவராய் நின்ற சுடரே’ என்று இன்னும் ஓர் அடைமொழியும் எழுதியிருந்தோம். உங்கள் பணி ஓய்வுக்கான இந்த மடலின் முதல் படியைக் காட்டியபோது நீங்கள் சிவப்புப் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டீர்கள். “நான் சுவரும் இல்ல, சுடரும் இல்ல. ட்யூப் மாத்துறவ” என்றீர்கள். பிறகு ஒரு நிபந்தனையும் போட்டீர்கள். “அந்த வருஷத்தையும் சேர்த்து எழுதுங்க. இல்லாட்டி இதெல்லாம் வெறும் பூச்சு. நான் மேடைக்கே வரமாட்டேன்.”

நீங்கள் வரமாட்டேன் என்றால் வரமாட்டீர்கள். ஆகவே எழுதியிருக்கிறோம். ஆனால் உங்களைப் பார்த்தே எல்லாவற்றையும் படித்தால் பாதியில் எழுந்து குழாய் கழுவப் போய்விடுவீர்கள் என்பதால், இனி அவையைப் பார்த்துப் படிக்கிறோம். வேறு யாரோ ஓர் அக்காவின் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருங்கள்.

அவையோரே! பாக்டீரியா ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. பென்சிலின் போன்ற மருந்துகள் அந்தச் சுவரைத்தான் குலைக்கின்றன. சுவர் போன செல் தண்ணீரை உறிஞ்சி, ஊதி, வெடித்துவிடும். ஆனால் சர்க்கரையும், இரத்தத்திலிருந்து பிரித்த சீரமும் கலந்த கெட்டிக் கரைசலில் வைத்தால் சில வெடிப்பதில்லை. குச்சிபோல் இருந்தவை சுவரின் பெரும்பகுதியை இழந்து உருண்டைகளாகி, உப்பியும் நெளிந்தும் பிழைத்துக்கிடக்கும். பெருகவும் செய்யும். இந்த ஆய்வகத்தை நிறுவிய பேராசிரியர், நாம் எல்லாரும் ஐயா என்று அழைத்தவர், தம் வாழ்நாள் முழுவதும் கேட்டது ஒரே கேள்வியைத்தான். பல ஆண்டுகள் சுவரில்லாமல் வாழ்ந்த உருண்டை, மறுபடி தன் சுவரைக் கட்டிக்கொள்ள முடியுமா? முடியும் என்றால், மருந்தில் அடங்கிப்போன நோய் ஒருவர் உடம்பில் ஆண்டுகள் கழித்துத் தலைதூக்குவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

அந்தக் கேள்விக்கு விடை காண உருண்டைகள் உயிரோடு இருக்க வேண்டும். அவை உறைபெட்டியில் தாங்காதவை. மூன்று முறை உறையவைத்துப் பார்த்தார்கள்; மூன்று முறையும் செத்தன. எனவே மூன்று நாளுக்கு ஒருமுறை பழைய குழாயிலிருந்து புதிய கரைசலுக்கு மாற்றியாக வேண்டும். ஞாயிறு என்றும் விடுமுறை என்றும் அவற்றுக்குத் தெரியாது. இருபத்தாறு வயதில் தற்காலிக உதவியாளராக வந்த அக்காவிடம் ஐயா இரண்டாம் மாடியின் சன்னலில்லாத வளர்ப்பறைச் சாவியைக் கொடுத்தார். அன்று தொடங்கியது. மகளின் திருமணத்தன்றுகூடக் காலை ஏழு மணிக்கு வந்து மாற்றிவிட்டுத்தான் போனார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தி மூக்கை உறிஞ்சி, “மருந்து வாடை அடிக்குதே, யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்டாராம். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டிய அக்காவின் கணவர் அடிக்கடி சொல்வது இது: “என்னைவிட அதுங்களுக்குத்தான் நேரத்துக்குச் சாப்பாடு.” அவரும் இன்று இங்கே அமர்ந்திருக்கிறார். இப்போதும் அதையே சொல்லிச் சிரிக்கிறார்.

இனி அந்த ஆண்டு.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு. அக்கா பணிக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் முடிந்து, பணி நிரந்தரம் செய்வதற்கான தாள் அலுவலகத்தில் மேசை மாறி மேசை நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது கணவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. காயம் ஆறாமல் சீழ் வைத்து, இரண்டாம் முறையும் திறந்தார்கள். காலையில் மருத்துவமனை, பிறகு ஆய்வகம், மாலையில் மறுபடி மருத்துவமனை. அக்கா பேருந்தில் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

வளர்ப்பறையில் ஒரு விதி உண்டு. சுவரோடு இருக்கும் மூல வகைக் குச்சிகளையும் சுவர் இழந்த உருண்டைகளையும் ஒரே நாளில் ஒரே வேலை மேடையில் கையாளக் கூடாது. ஒரே ஒரு குச்சி உருண்டைகளின் குழாய்க்குள் விழுந்தால் போதும், பார்ப்பவருக்குச் சுவர் திரும்பி வந்துவிட்டதுபோல் தோன்றும். இரண்டும் ஒரே இனம் என்பதால் அன்றைக்கு இருந்த எந்தச் சோதனையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. விதியை எழுதி மேடைக்கு மேலே ஒட்டியவரே அக்காதான்.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்குள் வந்து மருத்துவரைப் பார்க்கச் சொல்லி மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. மணி பத்தேகால். உருண்டைகளை அன்றே மாற்றியாக வேண்டும். மூல வகையையும் அன்றே கொடுப்பதாக அடுத்த அறைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா இரண்டையும் ஒரே மேடையில், ஒரே மேலங்கியோடு, இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடினார். கை நடுங்கவில்லை, எதுவும் சிந்தவில்லை. ஆனாலும் மேடை ஒன்றுதான்.

அந்த வியாழனன்று நிரப்பிய குழாய்கள் பன்னிரண்டு. அவற்றை எடுத்துச் சர்க்கரையில்லாத வெறும் கரைசலில் விட்டுப் பார்த்தவர் ஐயாவின் ஆராய்ச்சி மாணவி. பதினொன்றில் உருண்டைகள் வெடித்துச் செத்தன. பன்னிரண்டாவதில் ஐந்தாம் நாள் கரைசல் கலங்கியது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் குச்சிகள்! நேர் நேராய், சுவரோடு, அழகழகாய்க் குச்சிகள்!

மாணவி போட்ட கூச்சலில் ஐயா காலுறையோடு மாடிப்படி ஏறி ஓடி வந்தார். நான்கு முறை பார்த்தார். பிறகு வழியில் நின்ற காவலாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் புரியாமல், “என்னாச்சுங்க, யாருக்குக் குழந்தை?” என்று கேட்டாராம். அந்த வாரமே கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். மூன்றாம் வாரத்தில் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று மாணவிக்கு இடம் தருவதாகக் கடிதம் அனுப்பியது. கட்டுரையின் இறுதியில் நன்றி சொல்லும் இடத்தில் அக்காவின் பெயர் முதலில் இருந்தது.

அக்காவுக்கு அதுவரை ஒன்றும் தோன்றவில்லை. மருத்துவமனையில் வடிகுழாய் எடுப்பார்களா, இன்னும் ஒரு வாரம் வைப்பார்களா என்பதிலேயே மனம் இருந்தது. கட்டுரைக்காக, “அந்தக் குழாய்களை நிரப்பிய தேதி என்ன, அக்கா?” என்று மாணவி கேட்டபோதுதான் குறிப்பேட்டைத் திறந்தார். தேதியைப் பார்த்தார். வியாழக்கிழமை. தேதியைச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் ஒன்பது நாள் இருந்தார். இதையும் எழுதச் சொன்னவர் அவர்தான். “உடனே ஓடிப்போய்ச் சொன்ன மாதிரி எழுதிடாதீங்க. ஒன்பது நாள் வாயத் திறக்கல” என்றார். அந்த ஒன்பது நாளில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் சொன்னார். கலந்தது என்று யார் பார்த்தார்கள்? கலக்காமலும் இருக்கலாமே. இத்தனை வருடம் பட்ட பாட்டுக்கு ஒருமுறையாவது சுவர் வரக் கூடாதா? நிரந்தரத் தாள் கடைசி மேசைக்கு வந்துவிட்டது. வீட்டில் வேலைக்குப் போக முடியாத மனிதர். ஒவ்வொரு சமாதானமும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பேருந்தில் நின்றபடி வந்துகொண்டிருந்த தூக்கம் மட்டும் வராமல் போயிற்று.

பத்தாம் நாள் ஐயா அவரைக் கூப்பிட்டு, நிறுவன இதழுக்காக ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும், குழாய்களோடு நில்லுங்கள் என்றார்.

“ஐயா, நான் நிக்கக் கூடாது.”

“ஏன்மா? உங்களைவிட யாருக்கு உரிமை இருக்கு?”

“அந்த வியாழக்கிழமை ரெண்டையும் ஒரே மேடையில வெச்சுப் பண்ணினேன்.”

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். “கலந்துடுச்சா? இல்ல, கலந்திருக்கலாமா?” என்று கேட்டார்.

“தெரியலைங்க. கலந்திருக்கலாம்.”

“ஏதாவது சிந்துச்சா? கை தவறுச்சா?”

“இல்லைங்க.”

“அப்போ கலக்காமலும் இருக்கலாம்.”

“இருக்கலாம். ஆனா அத நாம எப்படிச் சொல்ல முடியும்?”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்பார் அக்கா. அவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?” என்று கேட்டாராம். அன்று மாலைக்குள், ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தம் கையாலேயே எழுதி அனுப்பினார். அதில் யார் பெயரும் இல்லை. ‘எங்கள் ஆய்வகத்தில் விதி ஒன்று மீறப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. அலுவலகம் சும்மா இருக்கவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நிரந்தரத் தாள் கடைசி மேசையிலிருந்து முதல் மேசைக்குத் திரும்பியது. மறுபடி அது மேலேறி வர நான்கு ஆண்டுகள் ஆயின.

மாணவிக்கு அதைவிடப் பெரிய அடி. வெளிநாட்டு இடம் கைநழுவியது. இரண்டு ஆண்டுகள் அதே சோதனையை நாற்பத்தேழு முறை திரும்பச் செய்தார். ஒருமுறைகூடச் சுவர் வரவில்லை. ஆக, அன்று வந்தது கலப்புதான் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். பட்ட ஆய்வுக்கு வேறு தலைப்பை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அக்கா வாயைத் திறந்த அன்று மாணவி கேட்டது ஒன்றுதான்.

“முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அக்கா?”

“சொல்லியிருந்தா நீ வேணாம்னு கெஞ்சியிருப்ப. நானும் கேட்டிருப்பேன்.”

அதன்பின் பதினொரு மாதம் அவர் அக்காவோடு பேசவில்லை. ஒரே அறை, முதுகும் முதுகுமாய் இரண்டு மேடைகள், பேச்சில்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவார். ‘பிப்பெட் வேண்டும்.’ ‘நாளை வரமாட்டேன்.’ ஒருநாள், ‘சீரம் தீர்ந்துவிட்டது’ என்று ஒட்டியிருந்தார். மறுநாள் காலை அதன் கீழே அக்காவின் கோணல் எழுத்தில் ஒரு வரி: ‘நானும்.’

மாணவி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அழுகை வந்துவிட்டது. குழாய்த் தட்டோடு உள்ளே வந்த அக்கா தட்டைக் கீழே வைக்காமலே நின்றார்.

“எனக்கு இன்னும் கோவம் போகலக்கா.”

“போகாட்டி போகட்டும். மேடையத் தொடச்சிட்டு உக்காரு, மணியாச்சு.”

அந்த மாணவிதான் இன்று இந்த ஆய்வகத்தின் தலைவர். கோபம் எப்போது போயிற்று என்று கேட்டோம். “போச்சுன்னு யார் சொன்னது? தேய்ஞ்சிடுச்சு” என்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மடலும் இந்நேரம் முடிந்து நீங்கள் தேநீருக்குப் போயிருப்பீர்கள். ஆனால் மூன்று மாதங்களுக்கு முன்பு பழைய உறைபெட்டி ஒன்று பழுதாகி, அதைக் காலி செய்ய வேண்டிவந்தது. அடியில் பனிக்கட்டிக்குள் புதைந்து ஒரு சிறு குப்பி கிடைத்தது. அதன்மேல் தலைவரின் இளவயதுக் கையெழுத்து. அந்தப் பன்னிரண்டாம் குழாயில் வளர்ந்த குச்சிகள்! உருண்டைகள்தாம் உறைந்தால் சாகும், சுவருள்ள குச்சிகள் தாங்கும். எறிய மனமில்லாமல் அந்த ஆத்திரத்திலேயே உள்ளே தள்ளியிருந்தவர், தள்ளியதையே மறந்துபோயிருந்தார்.

இன்று செல்லின் மரபணு முழுவதையும் எழுத்துக்கெழுத்து படித்துத் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. உருண்டைகளாகவே வாழ்ந்த ஆண்டுகளில் அவற்றின் மரபணுவில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்திருக்கும். உறைபெட்டியில் தூங்கிய மூல வகையில் அவை இருக்காது. எனவே குப்பியில் உள்ள குச்சிகளில் அந்தப் பிழைகள் இல்லையென்றால் அது கலப்பு. இருந்தால், உருண்டைகளே சுவர் கட்டிக்கொண்டன என்று பொருள். தலைவர் யாரிடமும் சொல்லாமல் குப்பியை அனுப்பிவைத்தார். கலப்பு என்பது உறுதியானால் அக்கா ஓய்வு பெறும் நாளில் சொல்லி அவர் மனத்தைக் கொஞ்சம் இலேசாக்கலாம் என்பது அவர் எண்ணம்.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அன்றுவரை உருண்டைகளில் சேர்ந்திருந்த பிழைகள் அறுபத்து மூன்று. குச்சிகளிலும் அந்த அறுபத்து மூன்றும் அப்படியே இருந்தன. அறுபத்து நான்காவதாக, வேறெங்கும் இல்லாத புதிய மாற்றம் ஒன்றும் இருந்தது. கோடானுகோடியில் ஒரு செல்லுக்கு நேரும் மாற்றம் அது. நாற்பத்தேழு முறை செய்தும் மறுபடி ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

எதுவும் கலக்கவில்லை. அன்று சுவர் உண்மையாகவே திரும்பியிருந்தது.

தலைவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வளர்ப்பறை வாசலில் கால் மணி நேரம் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். பிறகு உள்ளே போனார்.

“அக்கா, கொஞ்சம் உக்காருங்க.”

“நின்னுட்டே கேக்கறேன், சொல்லு.”

அவர் சொன்னார். அக்கா தாளை வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, புரியாத எழுத்துகளைக் கடைசிவரை பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ உன்னோட ரெண்டு வருஷம்?”

“போனது போனதுதான்.”

“அந்த வெளிநாட்டு வேலை?”

“விடுங்கக்கா. அங்க குளிராம்.”

குளிர்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. பிறகு தலைவர் மெதுவாக, பத்தொன்பது ஆண்டுகளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

“கலக்கலன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, சொல்லியிருப்பீங்களா?”

“தெரிஞ்சிருந்தா எதுக்குச் சொல்லணும்? தெரியாததாலதானே சொன்னேன்.”

அவையோரே! இந்த மடலில் நாங்கள் பாராட்ட வந்தது இதைத்தான். ‘நீங்கள் செய்தது சரி’ என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அதையும் அக்கா அடித்துவிட்டார். “ஒரே மேடையில பண்ணினது தப்பு. ஒன்பது நாள் மறைச்சது தப்பு. அந்தச் சின்னப் பொண்ணோட வாழ்க்கையில கை வெச்சது சரியா தப்பான்னு எனக்கு இன்னமும் தெரியல. சரின்னு போடாதீங்க” என்றார். எனவே போடவில்லை.

அவருக்கு ஒரே ஒரு குறைதான். ஐயா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கேட்ட கேள்விக்குத் தம் கண்முன்னே பதில் கிடைத்ததையும், அதைத் தாமே கடிதம் எழுதித் திருப்பிக்கொண்டதையும் அறியாமலே போய்விட்டார். கடந்த ஞாயிறு அக்காவும் தலைவரும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஐயாவின் வீட்டுக்குப் போனார்கள். காது மந்தமான அம்மா, ஐயாவின் துணைவியார், கதவைத் திறந்தார்கள்.

“அம்மா, ஐயாவோட சுவர் வந்துடுச்சும்மா!” என்று அக்கா உரக்கச் சொன்னார்.

“எந்தப் பக்கத்துச் சுவர்?” என்றார்கள் அம்மா, கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தபடி.

தலைவர் அருகில் உட்கார்ந்து, காதோடு காதாய், முதலிலிருந்து சொன்னார். அரை மணி நேரம் ஆயிற்று. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். “நீ வந்து சொன்ன அன்னிக்கு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல. ‘மனசு கேக்காம வந்து சொல்லிட்டா, பாவம். எனக்குத் தெம்பு இருக்கு, நானும் அவளும் சேர்ந்தே மறுபடி தொடங்குவோம்’னு சொன்னார். இத உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சு நெனச்சு, மறந்தே போயிட்டேன் பாரு” என்றார்கள்.

அக்கா திரும்பி வரும் வழியில் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. தலைவரின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார். இறங்க வேண்டிய இடம் வந்தும் எழுப்ப மனம் வராமல், தலைவர் கடைசி நிறுத்தம்வரை கூட்டிப்போய், அதே பேருந்தில் திரும்ப அழைத்து வந்தார்.

எங்கள் அக்காவே! இனி உங்களிடமே பேசுகிறோம். நீங்கள் ஒருவராய்ச் செய்த வேலைக்கு அட்டவணையில் இப்போது மூன்று பேர் பெயர் இருக்கிறது. மூவரும் இப்போதே களைத்துப்போயிருக்கிறோம். பழைய கட்டுரையை மறுபடி எழுதுகிறோம். அந்த வியாழக்கிழமை நடந்ததை மறைக்காமல் அதன் முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். எழுதியவர்கள் வரிசையில் ஐயாவின் பெயரோடு உங்கள் பெயரும் இருக்கிறது. அதை மட்டும் உங்கள் சிவப்புப் பேனாவுக்குக் காட்டப்போவதில்லை.

முழங்கால் வலி முற்றாமல், கண்ணொளி குன்றாமல், பசித்த வேளையில் பசியாறி, படுத்தவுடன் கண்ணயர்ந்து, பேரப்பிள்ளைகளின் பெருங்கூச்சலுக்கு நடுவே பல்லாண்டு நலமாய் வாழுங்கள்! உங்கள் வீட்டுக்காரருக்கு இனியாவது நேரத்துக்குச் சாப்பாடு போடுங்கள்; அல்லது அவரைப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் கையால் மாற்றிய குழாய்களோடும் மாறாத அன்போடும்,
வளர்ப்பறையாரும் ஆய்வகத்தார் அனைவரும்